நிக்கான் டி7200 மதிப்புரை: தொடர் படப்பிடிப்பில் எத்தனை படம், எந்தக் கார்டு

2015 மார்ச்சில் நிக்கான் அறிவித்த டி7200 கேமராவை இன்று புதிதாக வாங்குவது அரிது. ஆனால், பறவைகளையும் விளையாட்டுகளையும் படமெடுக்கத் தொடங்குபவர்கள் பழையதாக ஒன்று வாங்கலாமா என்று விசாரிக்கும் கேமராக்களுள் அது இன்னும் இடம்பெற்றிருக்கிறது. அதன் 24.2 மெகாபிக்சல் சென்சாரைப் பற்றியும், 51 ஃபோகஸ் புள்ளிகளைப் பற்றியும், ஒருமுறை சார்ஜ் செய்தால் 1,110 படங்கள் வரை தாங்கும் பேட்டரியைப் பற்றியும் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. ஆகவே இந்த மதிப்புரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஷட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் இந்தக் கேமரா எத்தனை படங்கள் வரை வேகம் குறையாமல் எடுக்கும், அந்த எண்ணிக்கையை நாம் வாங்கும் மெமரி கார்டு எந்த அளவுக்கு மாற்றும்? பெரிய கார்டு வாங்கினால் நீண்ட நேரம் தொடர்ந்து எடுக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்சாரில் பதிவாகும் படம் நேராகக் கார்டுக்குச் செல்வதில்லை. முதலில் அது கேமராவின் உள்ளே இருக்கும் பஃபர் என்னும் அதிவேகத் தற்காலிக நினைவகத்தில் தங்கி, அங்கிருந்து கார்டு ஏற்றுக்கொள்ளும் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகிறது. நெல் அறுவடை இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஊரில் உள்ள கிடங்கு எத்தனை ஆயிரம் மூட்டை கொள்வதாக இருந்தாலும், இயந்திரத்தின் தொட்டி நிறைந்துவிட்டால் டிராக்டரில் கொட்டி முடிக்கும் வரை அறுப்பு நின்றுதான் ஆக வேண்டும். கார்டின் கொள்ளளவு கிடங்கைப் போன்றது; தொடர் படப்பிடிப்பின் எல்லையைத் தீர்மானிப்பது முதலில் தொட்டியின் அளவு, அடுத்து அதைக் காலிசெய்யும் வேகம். கேமரா விளம்பரங்கள் நொடிக்கு எத்தனை படம் என்பதைப் பெரிய எழுத்தில் சொல்கின்றன. அந்த வேகம் எத்தனை நொடிக்கு நீடிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணை வரை போக வேண்டியிருக்கிறது.

டி7200இன் அருமை புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய டி7100ஐ நினைவுகூர வேண்டும். 2013இல் வந்த அந்தக் கேமரா படத் தரத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாததாக இருந்தது. ஆனால், சென்சார் பதிவுசெய்த தகவலை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்புகளாக, தரம் இழக்காத சுருக்கத்தோடு 14-பிட்டில் எடுத்தால் அதன் பஃபர் 6 படங்களில் நிறைந்துவிடும். 12-பிட்டுக்கு இறங்கினாலும் 7 படங்கள்தாம். நொடிக்கு ஐந்து அல்லது ஆறு படம் எடுக்கும் கேமராவுக்கு இது ஒரு நொடியைச் சற்றே தாண்டிய நேரம். பறவை சிறகை விரிக்கிறது என்று கண் கண்டு, விரல் அழுத்தி, அது கிளையை விட்டு எழுவதற்குள் கேமரா திணறத் தொடங்கிவிடும். வேகமான ஃபோகஸ் அமைப்பைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்துவதற்கான நேரத்தைக் கொடுக்காமல் விட்ட வடிவமைப்பு அது. வனவிலங்குப் படக்காரர்கள் பலர் அந்த ஒரு காரணத்துக்காகவே அதை ஒதுக்கினார்கள்.

டி7200இல் நிக்கான் முக்கியமாகத் திருத்தியது இதைத்தான். 14-பிட் ரா, தரம் இழக்காத சுருக்கம் என்ற அதே அமைப்பில் இப்போது 18 படங்கள். 12-பிட் என்றால் 27 படங்கள். சற்றே தரம் விட்டுக்கொடுக்கும் சுருக்க முறையோடு 12-பிட்டையும் சேர்த்தால் 35 படங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் சொல்லப்படும் நொடிக்கு 6 படம் என்ற வேகம் ஜேபெக்குக்கும் 12-பிட் ராவுக்கும் மட்டுமே உரியது. 14-பிட் ராவைத் தேர்ந்தெடுத்தால் வேகம் நொடிக்கு 5 படமாகக் குறைந்துவிடும். ஆக, 14-பிட்டில் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை நொடி; 12-பிட்டில் நாலரை நொடி, அதுவும் கூடுதல் வேகத்தில்; சுருக்கப்பட்ட 12-பிட்டில் ஏறத்தாழ ஆறு நொடி.

மூன்றரை நொடி என்பது போதுமா என்றால், எதைப் படமெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பேன். வேடந்தாங்கலில் கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கும்போது, கால்களை முன்னே நீட்டத் தொடங்குவது முதல் மேற்பரப்பில் சறுக்கி அமர்வது வரையான பகுதி 18 படங்களுக்குள் அடங்கிவிடும், பொத்தானை அழுத்தும் கணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால். மரத்தில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தி எப்போது பாயும் என்று காத்திருப்பவருக்கு அது போதாது. ஏனெனில் அங்கே தொடக்கம் நம் கையில் இல்லை. பாய்ச்சல் ஒரு நொடிக்கும் குறைவாகவே நீடிக்கும் என்றாலும், பாயப் போகிறது என்று ஊகித்து முன்கூட்டியே அழுத்துபவர் தன் 18 படங்களில் பெரும்பகுதியைக் கிளையில் அசையாமல் இருக்கும் பறவைக்கே செலவழித்துவிடுவார். பறவை தண்ணீரிலிருந்து மீனோடு எழும்போது பஃபர் நிறைந்திருக்கும். அத்தகைய படப்பிடிப்புக்கு அழுத்திப் பிடிக்காமல், மூன்று நான்கு படங்களாக விட்டுவிட்டு எடுப்பதே டி7200க்கு ஏற்ற முறை. இடையில் கிடைக்கும் ஒவ்வொரு நொடியிலும் பஃபரில் இரண்டு மூன்று படங்களுக்கான இடம் திரும்பக் கிடைத்துவிடும். ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், இந்தச் சிக்கனம் பழைய கேமரா வாங்குபவருக்கு வேறு வகையிலும் நல்லது.

12-பிட்டா 14-பிட்டா என்ற கேள்வியில் என் கருத்து தெளிவானது. 12-பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 4,096 படிநிலைகளும் 14-பிட்டில் 16,384 படிநிலைகளும் இருக்கின்றன. காகிதத்தில் பெரிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100இல் வைத்து எடுத்த நிலக்காட்சியின் இருண்ட பகுதிகளைக் கணினியில் வெகுவாக வெளிச்சமாக்கும்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 800க்கு மேல் வைத்துப் பறக்கும் பறவையை எடுக்கும்போது அந்தக் கூடுதல் படிநிலைகளைச் சென்சாரின் இரைச்சலே, அதாவது படத்தில் தோன்றும் புள்ளிப் பிசிறே, விழுங்கிவிடுகிறது. எனவே பறவைக்கும் விளையாட்டுக்கும் 12-பிட், தரம் இழக்காத சுருக்கம் என்பதே இந்தக் கேமராவின் இயல்பான அமைப்பு என்று கொள்ளலாம். 9 படங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன, நொடிக்கு ஒரு படம் வேகம் கூடுகிறது, கோப்பின் அளவு 28 எம்பியிலிருந்து 22 எம்பிக்கு இறங்குகிறது. நிலக்காட்சிக்குத் திரும்பும்போது 14-பிட்டுக்கு மாற்றிக்கொள்வதில் சிரமம் ஒன்றுமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. படப் பரப்பை 1.3 மடங்கு வெட்டி எடுக்கும் முறையில் படம் 15 மெகாபிக்சல் அளவுக்குச் சுருங்கும். வேகம் நொடிக்கு 7 படமாகும். கோப்பு சிறிதாவதால் பஃபரும் கூடுதல் படங்களைத் தாங்கும். 300 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவருக்கு இது ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் பார்வைக் கோணத்தைத் தருவதோடு, 51 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டகத்தின் அகலம் முழுவதும் பரவிவிடுகின்றன. பின்னால் கணினியில் எப்படியும் வெட்டப் போகிறோம் என்று தெரிந்த தொலைதூரப் பறவைக்கு இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அருகில் வரும் பறவைக்கு வேண்டாம். சிறகின் நுனி சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

ஜேபெக்கில் கதை வேறு. டி7200 ஒரே அழுத்தலில் அதிகபட்சம் 100 ஜேபெக் படங்களை எடுக்கும். இந்த 100 என்பது மெனுவில் நாமே குறைத்துக்கொள்ளக்கூடிய, ஆனால் கூட்ட முடியாத ஓர் எல்லை. வேகமான கார்டு இருந்தால் பஃபர் நிறைவதற்கு முன் இந்த எல்லை வந்து சேரலாம். விரலை எடுத்து மீண்டும் அழுத்தினால் கேமரா தொடரும். நொடிக்கு ஆறு படம் வீதம் நூறு படம் என்பது பதினாறு நொடிக்கு மேல். கபடியில் ஒரு பாடிச் செல்லும் முறைக்கு 30 நொடிதான் என்பதைக் கருதினால், ஆட்டக்காரர் கோட்டைத் தாண்டியது முதல் பிடிபடும் வரை அநேகமாக முழுவதையும் பதிவுசெய்துவிடலாம். நாளிதழுக்கு உடனே படம் அனுப்ப வேண்டியவர்கள் ராவை விட்டு ஜேபெக்கில் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தலிலும் இரண்டு கோப்புகள் உருவாவதால் எல்லை ராவைவிடவும் கீழே இறங்கிவிடும்.

இந்த எண்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால், வியூஃபைண்டரின் அடியில் மீதிப் படங்களின் எண்ணிக்கை காட்டப்படும் இடத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண் தோன்றும். பஃபரில் அந்தக் கணத்தில் இன்னும் எத்தனை படங்களுக்கு இடம் இருக்கிறது என்பது அது. எடுக்க எடுக்க அது இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டவுடன் வேகம் விழும். கண்ணை எடுக்காமலே பார்க்கக்கூடிய இந்த எண்தான் தொடர் படப்பிடிப்பில் நமக்கு உதவும் அளவுகோல். இதற்கு மாறாக, கார்டில் மீதமுள்ள படங்களின் எண்ணிக்கையை, சுருக்கப்பட்ட ரா கோப்புகளைப் பொறுத்தவரை, இந்தக் கேமரா மிகவும் குறைத்தே சொல்கிறது. சுருக்கத்துக்குப் பின் கோப்பு எவ்வளவு சிறிதாகும் என்பதை முன்கூட்டி அறிய முடியாததால், கேமரா மிகப் பெரிய அளவை மனத்தில் வைத்துக் கணக்கிடுகிறது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் 1.1 கே என்பது போல நூறுகளுக்கு முழுமையாக்கியும் காட்டும். புதிய கார்டு வாங்கியவர்கள் பாதிப் படம்தான் பிடிக்கும் போலிருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதை அறிந்துகொள்வது நல்லது.

இனி கார்டு. டி7200இல் எஸ்டி கார்டு போடும் இரண்டு அறைகளும் யூஎச்எஸ்-1 என்னும் இணைப்பு வகையைச் சேர்ந்தவை. அந்த இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பி. நடைமுறையில் எழுதும் வேகம் அதற்கும் கீழேதான் இருக்கும். எனவே பின்புறம் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் கொண்ட, நொடிக்கு 300 எம்பி என்று எழுதப்பட்ட யூஎச்எஸ்-2 கார்டை இதில் போட்டால் அது வேலை செய்யும், ஆனால் இரண்டாம் வரிசை பயன்படாமலே கிடக்கும். கணினிக்கு மாற்றும்போது, அதற்கேற்ற ரீடர் இருந்தால், நேரம் மிச்சமாகும் என்பதைத் தவிர அந்தக் கூடுதல் விலைக்கு இந்தக் கேமராவில் பலன் இல்லை. 170 அல்லது 200 என்று அச்சிடப்பட்ட யூஎச்எஸ்-1 கார்டுகளின் கதையும் இதுவே. அந்த எண்கள் தயாரிப்பாளரின் தனி ரீடரில் கிடைக்கும் படிக்கும் வேகத்தைக் குறிப்பவை. நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அது பெரும்பாலும் அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், சில சமயம் எங்கும் இருக்காது.

எழுதும் வேகம் குறிப்பிடப்படாத கார்டில் நம்பத்தக்கது வேகவகைச் சின்னம்தான். சி10, யூ1 ஆகியவை நொடிக்குக் குறைந்தபட்சம் 10 எம்பியையும், யூ3, வி30 ஆகியவை 30 எம்பியையும், வி60, வி90 ஆகியவை தத்தம் எண்ணுக்குரிய வேகத்தையும் உறுதிசெய்கின்றன. இவை காணொளிக்காக வகுக்கப்பட்ட குறைந்தபட்ச வேகங்கள். உண்மை வேகம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். ஆனால் குறைந்தபட்சத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால் கார்டு எங்கே உதவுகிறது என்பது புரியும். 14-பிட்டில் 18 படங்கள் என்பது சுமார் 500 எம்பி. நொடிக்கு 70 எம்பி எழுதும் கார்டு அதை ஏழு நொடியில் காலிசெய்யும். 30 எம்பி எழுதும் கார்டுக்குப் பதினேழு நொடி. 10 எம்பிதான் எழுதும் என்றால் ஐம்பது நொடி. பஃபர் நிறைந்த பிறகும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால், முதல் கார்டில் நொடிக்கு இரண்டு அல்லது மூன்று படங்கள் தொடர்ந்து கிடைக்கும், கடைசிக் கார்டில் மூன்று நொடிக்கு ஒன்று. முதல் 18 படங்களில் கார்டுக்குப் பெரிய பங்கில்லை. அடுத்த 18 படங்கள் எப்போது கிடைக்கும் என்பதில்தான் கார்டின் விலைக்குப் பொருள் இருக்கிறது. பறவை ஒருமுறை இறங்கி உடனே மீண்டும் எழும் இடங்களில் ஏழு நொடிக்கும் ஐம்பது நொடிக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொள்ளளவைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்க வேண்டியதில்லை. 64 ஜிபி கார்டில் 28 எம்பி ரா கோப்புகள் 2,200க்கு மேலும், 22 எம்பி கோப்புகள் 2,800க்கு மேலும் கொள்ளும். பேட்டரியின் அளவோடு ஒப்பிட்டால் ஒரு நாளுக்கு இது தாராளம். கணினியில் இந்தக் கார்டு 59 ஜிபி சொச்சமாகத் தெரிவது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளிலும் விண்டோஸ் 1,024இன் மடங்குகளிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. கொள்ளளவு வேகத்தைத் தொடும் ஓர் இடம் மட்டும் உண்டு: சில கார்டு வரிசைகளில் 32 ஜிபியின் எழுதும் வேகம் அதே பெயரில் வரும் 128 ஜிபியின் வேகத்தைவிடக் குறைவு. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், வாங்கப்போகும் அளவுக்குரிய எழுதும் வேகத்தைப் பார்க்க வேண்டும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், கார்டைப் படப்பிடிப்புக்கு எடுத்துச் செல்லும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சோதிப்பது அவசியம். போலிக் கார்டுகள் 64 ஜிபி என்று தம்மைக் காட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் 8 ஜிபியைத் தாண்டியதும் எழுதியவற்றைத் தொலைத்துவிடக்கூடியவை. அந்தச் சோதனையில் எழுதும் வேகமும் தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

இரண்டாவது அறையை மூன்று வகையில் பயன்படுத்தலாம்: முதலாவது நிறைந்ததும் தொடர்வதற்கு, ஒரே படத்தை இரண்டிலும் எழுதுவதற்கு, ராவை ஒன்றிலும் ஜேபெக்கை மற்றொன்றிலும் பிரிப்பதற்கு. திருமணப் படப்பிடிப்பில் இரண்டாம் முறையைத் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அந்த முறையில் இரண்டு கார்டுகளுள் மெதுவானது எதுவோ அதற்காகப் பஃபர் காத்திருக்க வேண்டும். பழைய சி10 கார்டு ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதை இரண்டாம் அறையில் போடுவது, முதல் அறையில் உள்ள நல்ல கார்டுக்குச் செலவழித்த பணத்தை வீணாக்குவதாகும். பறவைகளுக்கு, முதலாவது நிறைந்ததும் தொடரும் முறையே ஏற்றது.

மெனுவில் சத்தமில்லாமல் பஃபரைத் தின்னும் சில அமைப்புகளும் இருக்கின்றன. லென்ஸ் வளைவைத் தானாகத் திருத்தும் வசதி, நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு, ஜேபெக்கில் அளவைவிடத் தரத்துக்கு முதன்மை தரும் சுருக்கம் ஆகியவை இயங்கிக்கொண்டிருந்தால் 'ஆர்' எண் குறைந்துவிடும். பழைய கேமராவை வாங்குபவர் முந்தைய உரிமையாளரின் அமைப்புகளையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதால், முதல் வேலையாக மெனுவைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிடலாம். கார்டையும் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது முறை. பச்சை விளக்கு எரியும்போது கார்டை எடுக்கக் கூடாது. பஃபரில் படங்கள் இருக்கும்போது ஆஃப் செய்தாலும் எழுதி முடித்த பிறகே கேமரா அணையும் என்பதால், அவசரப்பட்டுப் பேட்டரியைக் கழற்றாமல் இருந்தால் போதும்.

பிறகு வந்த இரண்டு நிக்கான் கேமராக்களோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. 2016இல் வந்த டி500, 20.9 மெகாபிக்சலில் நொடிக்கு 10 படம் வீதம், வேகமான எக்ஸ்க்யூடி கார்டோடு 14-பிட் ராவில் 200 படங்கள் எடுக்கும்; அதை வைத்திருப்பவர் பஃபரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஆனால் எக்ஸ்க்யூடி கார்டும் அதற்குரிய ரீடரும் தனிச் செலவு. அதன் எஸ்டி அறை யூஎச்எஸ்-2 வகை என்பதால், டி7200க்கு வீண் என்று மேலே சொன்ன கார்டு அங்கே பொருளுள்ளதாகிறது. 2017இல் வந்த டி7500 நொடிக்கு 8 படமும் 14-பிட் ராவில் 50 படங்களும் தருகிறது, அதாவது ஆறு நொடிக்கு மேல். அதற்கு ஈடாக இரண்டாவது கார்டு அறையை எடுத்துவிட்டார்கள். எனக்கு இந்தப் பண்டமாற்று இன்றும் உவப்பாக இல்லை. என்றாலும், பறவைகளை மட்டுமே எடுப்பவர், விலை வேறுபாட்டைத் தாங்கக்கூடியவராக இருந்தால், டி7500ஐ எடுப்பதே சரி. இரண்டாவது அறையைவிட அந்தக் கூடுதல் 32 படங்கள் அவருக்குப் பயன்படும். திருமணமும் பறவையும் ஒரே கேமராவில் எடுக்க வேண்டியவர் டி7200ஐ வாங்கி, நொடிக்கு 80 அல்லது 90 எம்பி எழுதும் 64 ஜிபி யூஎச்எஸ்-1 கார்டுகள் இரண்டை ஒரே வகையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, பறவைக்குப் போகும் நாட்களில் மட்டும் 12-பிட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.